மஹ்ரூஸின் பெரிய குடம்

— மறுபடியும் சொல்லுங்க மாப்பிள்ளை, மெதுவா. நாதியா என்னதான் சொன்னா?

— "நீங்கள் மஹ்ரூஸின் வண்டியில் உண்ணவில்லை" என்றாள். பின்னர் அழுதாள். பின்னர் தொலைபேசியைத் துண்டித்துவிட்டாள்.

— யாரு, என் தங்கச்சியா? ஒரு தட்டு ஃபூலுக்காகவா, வெந்த மொச்சைக்காகவா அழுதா?

— ஆம், ஷாஹிரா. மூன்று நாள்களாக, ஒவ்வொரு காலையும், இதே தெருமுனையில், இதே பச்சை வண்டியில், மஹ்ரூஸ் அவர்களின் கையாலேயே வாங்கி உண்டேன். ருசியை விவரிக்கச் சொன்னாள், விவரித்தேன். கேட்டு முடித்ததும், "ஓட்டலில் உண்டுவிட்டு என்னிடம் பொய் சொல்கிறீர்கள்" என்கிறாள்.

— கொஞ்சம் குரலைத் தாழ்த்துங்க. நீங்க வாயைத் திறந்தா டிவில செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்கு. அந்த மைக்ரோபஸ்காரன் வண்டியவே நிறுத்திட்டுப் பாக்கறான்.

— நான் கல்லூரியில் பயின்ற அரபு இதுதான்.

— நாதியா வீட்ல இப்படியா பேசறா உங்ககிட்ட?

— வீட்டில் என் மொழியில்தான் பேசுகிறோம். சினம் வந்தால் மட்டும் அவள் கெய்ரோ பேச்சுக்கு மாறுவாள். ஆகவே உங்கள் பேச்சு வழக்கில் எனக்குத் தெரிந்தவை யாவும் வசைச் சொற்களே.

— அதுல ரெண்டு சொல்லிக் கேட்டா, மஹ்ரூஸ் அண்ணன் உங்களை உள்ளூர்க்காரர்னே நினைச்சிருப்பார். சரி, அவ என்னென்ன கேட்டா? ஒண்ணு விடாம சொல்லுங்க.

— முதல் வாயில் மூக்கு விறுவிறுத்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். பல்லிடுக்கில் தோல் சிக்கியதா என்றாள். தோலே இல்லை என்றேன். தொண்டையில் இறங்கும்போது ஒரு சிறு கசப்பு தோன்றுமே, தோன்றியதா என்றாள். வெண்ணெயின் இனிமைதான் தோன்றியது என்றேன். அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

— வெண்ணெயா? மஹ்ரூஸ் ஃபூல்லயா? என்ன மாப்பிள்ளை உளர்றீங்க?

— நீங்களும் அவளைப் போலவே என்னை ஐயுறுகிறீர்கள்.

— கோச்சுக்காதீங்க. நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். விடை தப்பா வந்தா, பையன் பொய் சொல்றான்னு சொல்ல மாட்டேன். எந்த வரியில தப்பாச்சுன்னு பாப்பேன். நேத்து எத்தனை மணிக்கு வந்தீங்க?

— பத்து மணிக்கு.

— அங்கதான் தப்பு! நாதியாவும் நானும் ஸ்கூல் பெல்லுக்கு முன்னாடி இங்க நிப்போம். அப்ப குடம் நிறைய இருக்கும், சாறு நிக்கும். நேரமாக ஆக அடி வந்துடும், கெட்டியாயிடும். அதனால்தான் இன்னைக்கு உங்களைக் காலங்காத்தால எழுப்பி இழுத்துட்டு வந்தேன்.

— எனில் இன்று சரியாகிவிடும் என்கிறீர்களா? இன்று மாலை எனக்கு விமானம். அந்த ருசியை என் நாக்கு அறியாமல் நான் வீடு திரும்ப இயலாது. பல முறை சமைத்துப் பார்த்துவிட்டேன். தட்டை முகர்ந்த உடனேயே தள்ளிவிடுகிறாள். "நேரில் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், பிறகு சமையுங்கள்" என்று அனுப்பியதே அவள்தான்.

— அவளே வந்திருக்கலாமே! டிக்கெட் எடுத்து வச்சிட்டுக் கடைசி நேரத்துல வரலேன்னுட்டா. முதுகு வலின்னா. இந்த வயசுல என்ன முதுகு வலி?

— அது... முதுகு ஒரு சிக்கலான உறுப்பு.

— காலை மல்லிகை, இன்ஜினியரம்மா! ரொம்ப நாளாச்சே என் வண்டிப் பக்கம் வந்து!

— காலை ரோஜா, மஹ்ரூஸ் அண்ணே! ஆளுக்கொரு தட்டு போடுங்க. நான் இன்ஜினியர் இல்லேன்னு இருபது வருஷமா சொல்றேன்.

— கணக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் எனக்கு இன்ஜினியர்தான். அட, கூட நிக்கறது நம்ம வெளிநாட்டு இன்ஜினியர் சார்! நேத்து திருப்தியாச் சாப்பிட்டீங்களா சார்?

— மிக்க நிறைவாக உண்டேன், ஐயா. ஆயினும் நான் பொறியாளன் அல்லன். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன்.

— கம்பியை முறுக்கறதும் இன்ஜினியரிங்தான் சார்! எப்படிப் பேசறார் பாத்தீங்களா அம்மா? கேட்டுக்கிட்டே இருக்கலாம். இவர் பேச ஆரம்பிச்சா டாக்ஸிக்காரங்க ஊறுகாய் கேக்கறதையே மறந்துடறாங்க. இந்தாங்க சார், என் கண்ணுலேர்ந்து தர்றேன். அம்மா, இது உங்களுக்கு. வெங்காயம் அங்க இருக்கு. ரொட்டி சூடா இருக்கு... வர்றேன்யா, வர்றேன்! ஹாரன் அடிச்சா மொச்சை வேகுமா?

— சாப்பிடுங்க மாப்பிள்ளை. நல்லா கவனிச்சுச் சாப்பிடுங்க.

— உண்கிறேன்... அதேதான்.

— அதேதான்னா?

— நேற்றும் நேற்றுமுன்தினமும் உண்டதேதான். மென்மை. வெண்ணெய். எல்லாக் கம்பிகளும் தளர்ந்து கிடக்கும் பியானோவைப் போல, எங்கும் ஓர் உரசலும் இல்லை. பொறுங்கள், உங்கள் கண்ணில் ஏன் நீர்?

— மிளகாய்தான். ஹா! என்ன ஒரு காரம் இன்னைக்கு. பூண்டும் தூக்கலா இருக்கு.

— மிளகாயா?

— ஆமா, மிளகாய். சிவப்பா மிதக்குதே.

— என் தட்டில் எதுவும் மிதக்கவில்லையே.

— கொண்டாங்க இப்படி. ஒரு வாய்... ஐயோ! என்ன இது? பல்லு முளைக்காத பிள்ளைக்கு ஊட்டறதா? மஹ்ரூஸ் அண்ணே!

— என்னம்மா, உப்புக் குறைச்சலா?

— ரெண்டு தட்டும் ஒரே குடத்துலேர்ந்தா அள்ளினீங்க?

— சேச்சே! அதெப்படி அள்ளுவேன்? உங்களுக்குப் பெரிய குடம். சாருக்குப் பின்னாடி துணி போட்டு மூடியிருக்கே, அந்தச் சின்னக் குடம். யாருக்கும் அதுலேர்ந்து தர்றதில்ல. நேத்து ஒரு வக்கீல் கேட்டார், அவருக்கே இல்லேன்னுட்டேன்.

— அதை எதுக்கு வச்சிருக்கீங்க?

— என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? கடல் தாண்டி ஒருத்தர் என் வண்டியைத் தேடி வர்றார். அவருக்குப் போய் இந்தக் காரத்தையும் கசப்பு எண்ணெயையும் போட்டு, தோலோட மொச்சையைக் கொடுத்து வயித்தை ஊத வச்சு அனுப்பச் சொல்றீங்களா? முதல் நாள் இவர் வந்து நின்ன உடனே, "இன்னைக்கு இருக்கறதைச் சமாளிச்சுக் கொடுப்போம், நாளைக்கு ஒழுங்காப் பண்ணுவோம்"னு நினைச்சேன். அன்னைக்கே காரமில்லாம, எண்ணெயில்லாம, மேலாகத் தெளிவா எடுத்து, நசுக்கித் தோலை வடிகட்டி, வெண்ணெய் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி வீட்டுக்குப் போய் என் சம்சாரம் பதீஆகிட்ட சொன்னேன். அவ உட்கார்ந்து ஊற வச்ச மொச்சையை ஒவ்வொண்ணாத் தோலுரிச்சா. கிராமத்துலேர்ந்து அவ அண்ணன் அனுப்பின எருமை வெண்ணெய், பெருநாளுக்கு வச்சிருந்தது, அதை எடுத்துட்டா.

— உங்கள் மனைவியார் எனக்காகத் தோல் உரித்தாரா?

— பின்னே? சாருக்குப் பிடிச்சிருக்கான்னு தினமும் கேக்கறா. தட்டைத் துடைச்சு வச்சார்னு சொன்னேன். அதுல அவளுக்கு ஒரே சந்தோஷம்.

— ஷாஹிரா, நான் இப்போது என்ன சொல்வது?

— நீங்க சும்மா இருங்க, நான் பேசறேன். அண்ணே, உங்க அன்பு பெரிசு, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா இவர் விருந்தாளி இல்ல. நம்ம வீட்டு ஆளு. என் தங்கச்சி நாதியா இருக்கா இல்ல, அவ புருஷன்.

— எந்த நாதியா? ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு, மிளகாய் பத்தலேன்னு என் கரண்டியைப் பிடுங்குமே, அந்த நாதியாவா?

— அவளேதான். அதனால இவருக்கும் எங்களுக்குப் போடற மாதிரி, சாதாரணமா, பெரிய குடத்துலேர்ந்தே...

— ஏன் சார், மூணு நாளா வந்து நிக்கறீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நம்ம தெரு மாப்பிள்ளை! நான் மடையன், வெறும் விருந்தாளின்னு நினைச்சு வெண்ணெயோட நிறுத்திட்டேன்! யாராவது அந்தப் பால்கடைக்கு ஓடுங்கப்பா, பாலாடை இருந்தா வாங்கிட்டு வாங்க! மாப்பிள்ளை வந்திருக்கார்!

— போச்சு. மாப்பிள்ளைன்னு சொன்னா இறங்குவார்னு நினைச்சேன். இன்னும் மேல ஏறிட்டார்.

— ஷாஹிரா, வழி மிக எளிது. உங்கள் தட்டில் இன்னும் பாதி உள்ளது. நான் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டால்...

— கையை எடுங்க மாப்பிள்ளை! அம்மா, தட்டை அந்தப் பக்கம் தள்ளுங்க! கேட்டுக்குங்க எல்லாரும்! இந்தப் பெரிய குடத்துலேர்ந்து ஒரே ஒரு மொச்சை இந்த விருந்தாளி வாயில போச்சுன்னா, பதீஆ இன்னையோட எனக்குப் பொண்டாட்டி இல்ல!

— அண்ணே!

— சொன்னது சொன்னதுதான்.

— எனக்கு விளங்கவில்லை. இதில் அந்த அம்மையார் என்ன பிழை செய்தார்?

— ஒரு பிழையும் செய்யல. இங்க ஆம்பளைங்க உபசாரத்துல வீம்பு பிடிச்சா சம்சாரத்தைத்தான் பணயம் வைப்பாங்க. போன கோடையில இவரு ஒரு தர்பூசணிக்காக அந்தக்காவை இப்படித்தான் பணயம் வச்சார்.

— வெட்டினப்ப சிவப்பாத்தானேம்மா இருந்துச்சு!

— வெள்ளையா இருந்திருந்தா?

— இல்லையே. இதுவரைக்கும் ஒரு ஆணையும் நான் பொய்யாக்கினதில்ல. அதனாலதான் அவ இன்னும் என் வீட்ல இருக்கா.

— பாத்தீங்களா மாப்பிள்ளை, இனி நான் திருட்டுத்தனமா உங்க வாயில ஒரு மொச்சையை ஊட்டினாலும் உங்களுக்காக மொச்சை உரிச்ச அந்தக்கா நடுத்தெருவுல நிக்கணும்.

— அப்படியொரு காரியத்தை நான் செய்ய மாட்டேன். ஐயா, உண்ண இயலாவிட்டாலும் கேட்டாவது செல்கிறேன். அந்தப் பெரிய குடத்துக்குள் என்னதான் நடக்கிறது?

— கேளுங்க, என் கண்ணுலேர்ந்து சொல்றேன்! ஒரு நிமிஷம், இவருக்கு ரொட்டி கொடுத்துடறேன்... ஆங். கழுத்தைப் பாருங்க. வயிறு எவ்வளவு அகலம், கழுத்து எவ்வளவு குறுகல்? ராத்திரி பூரா இது படுத்த மாதிரி சின்னத் தீயில சாஞ்சு கிடக்கும். ஆவி மேல வரும். கழுத்து குறுகலா இருக்கறதால வெளிய போக வழியில்ல. மூடியில முட்டிக் குளுந்து, திரும்ப உள்ளேயே சொட்டும். அதனால தண்ணி குறையாது, நானும் எழுந்து எழுந்து ஊத்த வேண்டியதில்ல. மொச்சை கொதிக்கக் கூடாது, பாத்துக்குங்க. கொதிச்சா ஒண்ணோட ஒண்ணு மோதித் தோல் கிழிஞ்சுடும்.

— தோல் கிழிந்தால் என்ன?

— அந்தத் தோல்தான் பை. உள்ள இருக்கற மாவு அந்தப் பைக்குள்ளயே மெல்ல வெந்து வெண்ணெய் மாதிரி ஆயிடும், ஆனா வெளிய கரையாது. நீங்க கரண்டியால நசுக்கறீங்க பாருங்க, அப்பத்தான் பை உடையணும். ஒரு பிடி மசூர் பருப்பு கூடப் போடுவேன். அது கரைஞ்சு சாறாயிடும்.

— உப்பு?

— குடத்துக்குள்ள உப்பு போடவே கூடாது. போட்டா தோல் தடிச்சு மொச்சை விறைச்சுக்கும். தட்டுல அள்ளின பிறகுதான் உப்பு, சீரகம், பூண்டு, எலுமிச்சை, மிளகாய். கடைசியா ஆளிவிதை எண்ணெய். நாதியா சொல்லுமே தொண்டையில கசப்புன்னு, அது அந்த எண்ணெயோட கசப்பு.

— ஆக, நான் வீட்டில் முதலிலேயே உப்பிட்டேன். கொதிக்க வைத்தேன். எண்ணெயும் ஒலிவ எண்ணெய்.

— மூணும் தப்பு. ஆனா பரவாயில்ல, குடமில்லாம யாருக்குத் தெரியும்?

— நன்றி ஐயா. ஆயினும் இது ஒருவர் எனக்கு ஓர் இசையை விளக்கிச் சொன்னதைப் போன்றது. எந்தக் கம்பி எங்கே என்று தெரிந்துகொண்டேன். ஒலியை இன்னும் கேட்கவில்லை. சுருதி எதுவென்று தெரியாமல் கம்பியை முறுக்கினால் மறுபடியும் தட்டைத் தள்ளிவிடுவாள்.

— தள்ளினா தள்ளட்டுமே! என்ன பிடிவாதம் இது? சின்ன வயசுல கூட அவ இப்படி இல்லண்ணே. ஃபூல் இல்லேன்னா ரொட்டியும் சீஸும் தின்னுட்டுப் போய்ட்டே இருப்பா. இப்ப என்னடான்னா போன்ல அழறா, புருஷனைப் பொய்யன்கறா. இருங்க, நானே அவளுக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேக்கறேன்.

— வேண்டாம், ஷாஹிரா. அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

— ஏன் கூடாது? மூணு நாளா உங்களை இப்படி அலைய விட்டிருக்கா.

— அவளால் வேறெதையும் உண்ண முடியவில்லை. உண்பவை யாவும் வெளியே வந்துவிடுகின்றன. இது ஒன்றைத்தான் கேட்கிறாள். அதிகாலையில் எழுந்து உட்கார்ந்து இதையே பேசுகிறாள். நான் ஒரு வாக்கை மீறுகிறேன், என்னை மன்னியுங்கள். மூன்று மாதம் நிறையும்வரை எவருக்கும், தன் அக்காவுக்கும்கூடச் சொல்லலாகாது என்றிருந்தாள்.

— மாப்பிள்ளை?

— அவள் கருவுற்றிருக்கிறாள்.

— என் குட்டித் தங்கச்சியா?

— ஷாஹிரா, நீங்களும் அழுகிறீர்களா?

— மிளகாய் மாப்பிள்ளை, மிளகாய். ஐயோ என் தங்கமே! முதுகு வலியாம் முதுகு வலி! அண்ணே, கேட்டீங்களா? சத்தம் போட்டுடாதீங்க, மாடி ஜன்னலெல்லாம் திறந்திருக்கு. ஊர்க் கண்ணு முழுக்க அவ மேல விழும்.

— நான் எங்கம்மா சத்தம் போடறேன்? எனக்குக் கையே ஓடல. மசக்கையா! மசக்கைக்காரி கேட்டு, நான் இல்லேன்னு சொல்லியிருக்கேனா? மூணு நாளா?

— உங்களுக்குத் தெரியாதே.

— பிள்ளைக்குத் தெரியுமே! கேட்டது கிடைக்கலேன்னா பிள்ளை உடம்புல அதே அச்சுல மச்சம் விழும். என் சித்தப்பா மகனுக்குக் காதுக்குக் கீழ இவ்வளவு பெரிய அத்திப்பழம், அவன் அம்மா கேட்டு யாரும் வாங்கித் தரலேன்னு. நாளைக்கு நாதியா பிள்ளை நெத்தியில ஒரு மொச்சைக்கொட்டையோட வந்து நின்னு, "இது என்ன மாமா"ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?

— ஐயா, அறிவியல்படி அது...

— அறிவியல் கிடக்கட்டும் மாப்பிள்ளை. அண்ணே, அப்ப ஆணையைத் திரும்ப எடுத்துக்குங்க. இவர் சாப்பிட்டுப் பாத்துட்டுப் போய் அவளுக்குச் சமைச்சுக் கொடுப்பார்.

— எச்சிலைத் துப்பிட்டு நக்கச் சொல்றீங்களா? பத்துப் பேர் கேக்கப் போட்ட ஆணைம்மா. பதீஆ முகத்துல எப்படி முழிப்பேன்?

— இப்ப என்னதான் பண்றது? சாயங்காலம் ஃபிளைட்!

— இருங்க, யோசிக்க விடுங்க... யோவ், ரெண்டு நிமிஷம் பொறுய்யா, இங்க ஒரு பிள்ளை விஷயம் ஓடுது! ஃபிளைட் சாயங்காலம். ராத்திரி வீட்ல இறங்கிடுவீங்களா?

— இறங்கிவிடுவேன்.

— அம்மா, அந்த மூடி போட்ட டப்பாவைக் கழுவிட்டு நல்லாத் துடைங்க. ஈரம் ஒரு பொட்டு இருக்கக் கூடாது.

— எதுக்குண்ணே?

— துடைங்கன்னா. நாதியா எனக்கு விருந்தாளியா? அவ ரெட்டைச் சடைக் காலத்து வாடிக்கை. அவளுக்குப் பெரிய குடத்துலேர்ந்து அள்ள எந்த ஆணையும் குறுக்க வராது. கேளுங்க மாப்பிள்ளை. வெறும் மொச்சையும் சாறும் மட்டும்தான் டப்பாவுல. உப்பு கிடையாது, எலுமிச்சை கிடையாது, அதனால ராத்திரி வரைக்கும் ஒண்ணும் ஆகாது. எண்ணெய் இந்தச் சின்ன பாட்டில்ல தனியா. மிளகாயும் பூண்டும் அரைச்சது இந்தப் பொட்டலத்துல. ஆறினதும் மூடி, கையில வச்சுக்காம பெரிய பெட்டிக்குள்ள வச்சிடுங்க. அங்க போய் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுச் சின்னத் தீயில சூடு பண்ணுங்க. கொதிக்க விடாதீங்க. அவளே நசுக்கட்டும், அவளே மிளகாய் போட்டுக்கட்டும்.

— அவள் உண்பாள். அது போதும் எனக்கு. ஆனால் ஐயா, இந்த டப்பா ஓர் இரவுக்குத்தான். நாளைக் காலையும் அவள் கேட்பாள், நான்தான் சமைக்க வேண்டும். இந்த ருசியை நான் எப்போது அறிவேன்? உங்கள் ஆணை என்னைக் கட்டுகிறதே.

— என் ஆணை விருந்தாளியைத்தான் கட்டும் மாப்பிள்ளை. அவ சாப்பிட்டுத் தட்டுல மிச்சம் வைப்பா, அதை வழிச்சு நீங்க சாப்பிடுங்க. பொண்டாட்டி தட்டு மிச்சத்தைச் சாப்பிடறவன் விருந்தாளி இல்ல.